பாதிக் கடலில் நிறுத்துகிறவன்

உங்கள் கையில் இருக்கிற கல்யாணப் பத்திரிகையில் மேலே வளைத்து வளைத்து என்னவோ அச்சடித்திருக்கிறார்களே, அதைக் கொஞ்சம் வாசியுங்கள் அண்ணாச்சி. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். மூன்றாம் வகுப்போடு சரி. அதிலும் இந்த பஸ் குலுங்குகிற குலுக்கலில் ஒரு எழுத்தைப் பிடிப்பதற்குள் அடுத்த எழுத்து ஓடிப்போகிறது.

என்ன? 'நம்பிக்கையே இல்லறத்தின் அஸ்திவாரம்.'

ஓகோ.

நல்ல வாசகம். அச்சாபீஸ்காரன் கொடுத்ததாகத்தான் இருக்கும். இருக்கட்டும், பத்திரிகையில் மேலே ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா? என் கல்யாணத்தில் இதையே சாமியார் முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார். மாப்பிள்ளை பெண்ணை நம்ப வேண்டும், பெண் மாப்பிள்ளையை நம்ப வேண்டும். நான் கோட்டும் சூட்டும் போட்டு வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்கிறேன். அந்த மனிதருக்குக் கல்யாணமே கிடையாது. நீச்சல் தெரியாதவன் கரையில் நின்றுகொண்டு கையை வீசு, காலை உதை என்று கத்துவானே, அந்தக் கதைதான்.

என் பேர் கஸ்பார். தூத்துக்குடி, திரேஸ்புரம். சங்கு குளிக்கிறவனாக இருந்தேன். இந்தக் காலைப் பார்க்கிறீர்கள் அல்லவா, இடது கால், இது பாதிதான் என் பேச்சைக் கேட்கும். முப்பத்தொரு வருசமாக இப்படித்தான். ஏன் இப்படி ஆயிற்று என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். வீரபாண்டியன்பட்டணம் வரை நேரம் இருக்கிறது.

நம்பிக்கையைப் பற்றி எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, அண்ணாச்சி. சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். வாயில் காற்றுக் குழாய், மேலே வள்ளத்தில் கம்ப்ரஸர் ஓடும். கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் ஒருவன் பிடித்திருப்பான். கீழிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், கயிறு விடு. இரண்டு இழுப்பு, பை நிறைந்துவிட்டது. மூன்று இழுப்பு, என்னைத் தூக்கு. அவ்வளவுதான் பேச்சு. பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் கிடக்கிறவனுக்கு மேலே இருக்கிறவன்தான் கடவுள்.

அந்தக் கயிற்றை யார் பிடிக்கலாம்? கூடப் பிறந்தவன் பிடிக்கக் கூடாது. நான் போனால் அவனுக்கு அரை வீடு லாபம். கூட்டாளி கூடாது. பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் நான் செத்தால் அவன் அக்காள் தாலியறுத்து அவன் வீட்டில்தான் வந்து உட்காருவாள். ஆயுசுக்கும் அவளுக்குச் சோறு போட வேண்டும். அந்தப் பயத்திலாவது கயிற்றை ஒழுங்காகப் பிடிப்பான். எங்கள் பெரியவர்கள் அஸ்திவாரத்தை எதில் போட்டார்கள் பார்த்தீர்களா? இதைப் பத்திரிகையில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

என் கயிற்றைப் பிடித்தவன் தொபியாஸ். என் பெண்டாட்டி பிலோமியின் தம்பி. ஆறு வருசம் பிடித்தான். நல்லவன்தான், அன்றைக்கு வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நான் மூன்று இழுப்பு இழுப்பேன். தூக்குவான். பாதிக் கடல் வந்ததும் நிறுத்திவிடுவான். மேலே வள்ளத்தின் அடி தெரிகிறது, வெயில் தெரிகிறது, எனக்குக் குளிர் தாங்கவில்லை, பசி வேறு. இழுக்கிறேன், மூன்று இழுப்பு. ம்ஹூம். முப்பது இழுத்தாலும் அசைய மாட்டான். இரண்டு பீடி குடிக்கிற நேரம் அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் தூக்குவான். மறுபடியும் நிறுத்துவான்.

மேலே ஏறி நாலு வார்த்தை திட்டினால், "காத்து இறங்கட்டும் அத்தான். ஆழத்துல கிடந்துட்டுச் சட்டுனு வந்தா நரம்புல ஏறிரும்லா" என்பான். பெரிய டாக்டர்!

அந்த வருசம் பங்குனியில்தான் ஆரம்பித்தது. அதற்கு முந்தின மாசம் எங்கள் தெருவில் ஒரு பையன் சங்கு குளிக்கப் போய்ப் பிணமாக வந்தான். ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து டீக்கடையில் ஒருத்தன், பக்கத்தில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டே, "என்ன கஸ்பார், உன் வீட்டுக்காரி செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிப் போறாளே, சொந்தக்காரங்க யாருக்கும் சொகமில்லையா?" என்றான். நல்ல மனுசன். ஊரான் வீட்டு நலத்தில் என்ன அக்கறை!

நான் சந்தேகப்படவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வேறு, விசாரிப்பது வேறு. நான் விசாரித்தேன். அவளிடம் கேட்டேன். "எங்கயும் போகலியே" என்றாள், அரிசியைப் புடைத்துக்கொண்டே. மறுநாள் வள்ளத்தில் தொபியாஸிடம் கேட்டேன்.

"உங்க அக்கா செவ்வாக்கிழமை எங்கல போறா?"

"எனக்குத் தெரியாது அத்தான்."

சொன்னவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்ரஸரைப் பார்த்துச் சொன்னான். அதற்கு அன்றைக்கு ஒரு கோளாறும் கிடையாது, ஆனால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய்க் குனிந்துவிட்டான். ஆறு வருசம் என் உயிரைப் பிடித்த கை. பொய் சொல்லும்போது ஸ்பானர் பிடிக்கிறது.

நீங்களே சொல்லுங்கள். அக்காளுக்காகப் பொய் சொல்கிறவன் நாளைக்கு அக்காளுக்காக வேறென்ன செய்ய மாட்டான்? பத்துப் பாகத்தில் கிடந்துகொண்டு இதைத்தான் நினைக்கிறேன். சங்கு கண்ணில் படவில்லை. பாதிக் கடலில் நிறுத்தினான் என்றால், ஏன் நிறுத்துகிறான், மேலே யாரோடு பேசுகிறான் என்று நினைப்பு. அந்த வாரமே சொல்லிவிட்டேன்: "இனி நீ என் கயித்தைத் தொடக் கூடாது."

பிலோமி அழுதாள். "அவனை விட்டா வேற யாரு பிடிப்பா? வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க." பார்த்தீர்களா, தம்பியைக் கயிற்றில் வைப்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை! எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

கோவில்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவனைச் சம்பளத்துக்குப் பிடித்தேன். பேர் எசக்கி. கடலைப் பார்த்தே ஆறு மாசம்தான். ஆனால் என்ன பணிவு! சொன்னதைச் செய்வான். மூன்று இழுப்பு இழுத்தால், வாளியை இறைக்கிற மாதிரி ஒரே மூச்சில் தூக்கிவிடுவான். நடுவில் நிறுத்தம் கிடையாது, வைத்தியம் கிடையாது. முதல் மூன்று நாள் எனக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆள் என்றால் இவன் ஆள் என்று கடற்கரை முழுக்கச் சொன்னேன், தொபியாஸ் காதில் விழுகிற மாதிரி.

நாலாவது நாள் நல்ல சங்கு. ரொம்ப நேரம் கீழேயே கிடந்துவிட்டேன். மூன்று இழுப்பு இழுத்தேன். தூக்கினான். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினேன். கால் பெருவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. முழங்கால் வரை ஊர்கிறது. பிறகு ஊர்வதும் நின்றுவிட்டது. கால் இருக்கிறது, ஆனால் யாரோ மறந்துவிட்டுப் போன கால் மாதிரி இருக்கிறது. எசக்கி, "அண்ணே, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டான். பணிவு!

அப்போதுதான் பக்கத்து வள்ளத்திலிருந்து ஒருத்தன் தண்ணீரில் பாய்ந்து நீந்தி வந்தான். தொபியாஸ்தான். அவனுக்கு அங்கே என்ன வேலை? வேறொருவன் வள்ளத்தில் சும்மா ஏறி, நாலு நாளாக என் வள்ளத்தை ஒட்டியே வந்திருக்கிறான். பிலோமி அனுப்பியிருக்கிறாள். என் மேல் ஒரு துளி நம்பிக்கை கிடையாது, பின்னாலேயே ஆள் அனுப்பியிருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவன் வள்ளத்தில் ஏறினான், என் காலைத் தொட்டான், குழாயை எடுத்து என் வாயில் திணித்தான். "இவரைத் திரும்பக் கீழ இறக்கணும்! பிடிங்கலே! இறக்குங்கலே!" என்று கத்திக்கொண்டு என் இடுப்பைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளப் பார்த்தான்.

அது சரிதானே என்கிறீர்களா? சரிதான், எனக்குத் தெரியாதா? கரையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நரம்பில் காற்று ஏறியவனை உடனே பழைய ஆழத்துக்கு இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் பிழைத்துக்கொள்வான். நானே இரண்டு பேரை அப்படி இறக்கியிருக்கிறேன். ஆனால் இறக்குகிறவன் யார் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அண்ணாச்சி? என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியாதவன் என்னைக் கடலில் தள்ளுகிறான். நான் என்ன நினைப்பேன்?

கடித்துவிட்டேன்.

வலது கை, பெருவிரலுக்குக் கீழே. ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை, பிடித்துத்தான் இருந்தான். நான் கூச்சல் போட்ட கூச்சலில் மற்ற வள்ளக்காரர்கள் வந்து அவனைப் பிரித்துவிட்டுவிட்டார்கள். கரைக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டர் விசாரித்துவிட்டு, "உடனே திரும்ப இறக்கியிருந்தா கால் தப்பியிருக்குமே, கூட யாரும் இல்லையா?" என்றார். தொபியாஸ் கையில் துணி சுற்றிக்கொண்டு அங்கேதான் நின்றான். பேசியிருக்கலாம். 'நான் இறக்கப் பார்த்தேன், இவர்தான் கடித்தார்' என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அப்படிப்பட்ட கல்நெஞ்சன்.

முக்காணி வந்துவிட்டது. தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? ஒரு வாய் போதும்.

ஆஸ்பத்திரியில் ஏழாவது நாள், செவ்வாய்க்கிழமை. பிலோமி ஒரு பொட்டலம் மந்திரித்த உப்போடு வந்தாள். அப்போதுதான் சொன்னாள். ஊருக்கு வெளியே இருக்கிற அந்தோணியார் குருசடிக்கு, சின்னக் கோயில்தான், நேர்ந்திருக்கிறாளாம், பதின்மூன்று செவ்வாய். தெருவில் அந்தப் பையன் செத்த வாரத்தில் நேர்ந்தது. நான் ஒவ்வொரு நாளும் மேலே வர வேண்டும் என்று. கடலில் இறங்குகிறவனுக்காக நேர்ந்தால் அவனிடம் சொல்லக் கூடாது, சொன்னால் நேர்ச்சை பலிக்காது. எங்கள் பெண்கள் அப்படித்தான். தம்பிக்கு மட்டும் தெரியும்.

"பத்து செவ்வா முடிஞ்சிருந்துச்சு. இன்னும் மூணுதான்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். சொல்லியிருந்தால் நான் ஏன் கயிற்றை மாற்றுகிறேன்? ஏன் கால் போகிறது? என் கால் போனதற்குக் காரணம் யார்? அவள்தானே? அதைத்தான் முப்பத்தொரு வருசமாகக் கேட்கிறேன். மிச்சம் மூன்று செவ்வாயையும் போய் முடித்தாள். போன காலுக்கு எதற்கு நேர்ச்சை என்று கேட்டேன். "கால்தான் போச்சு, ஆள் இருக்கில்லா" என்றாள். எப்படிச் சமாளிக்கிறாள் பாருங்கள்.

அதற்குப் பிறகு தொபியாஸோடு பேச்சு கிடையாது. வீரபாண்டியன்பட்டணத்தில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டான். எங்கள் வீட்டில் பிள்ளை குட்டி இல்லை, இரண்டே பேர். அவள் சங்குக் கிட்டங்கியில் வேலைக்குப் போனாள், சங்கு கழுவி, தரம் பிரிக்கிற வேலை. இருபத்தைந்து வருசம். அங்கே நாற்பது ஆம்பிளைகள். நான் சந்தேகப்படவில்லை. சாயங்காலம் சங்கு ஊதினால் போதும், கேட் பக்கம் போய் நிற்பேன், அவ்வளவுதான். அவளோடு வேலை செய்கிற பெண்கள், "பிலோமியக்கா, உங்க மாப்பிள்ளை வந்துட்டாரு. என்ன பாசம்!" என்பார்கள். அவள் சிரிப்பாள். ஒரு நாளும், இல்லை, பாசம் இல்லை என்று சொன்னதில்லை. என் கையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, என் நொண்டி நடைக்கு அவள் நடையைக் குறைத்து, வீடு வரை கூட்டிக்கொண்டு வருவாள். அவள் கொஞ்சம் வேகமாக நடந்தால் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். இவளும் தம்பி மாதிரிதான், எல்லாம் நிதானம்.

இப்போது எதற்கு இந்த பஸ் என்று கேட்கிறீர்களா? பத்தொன்பது நாளாயிற்று, அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

கேளுங்கள். இரண்டு மாசத்துக்கு முன்னால் மறுபடியும் செவ்வாய்க்கிழமை பஸ் ஏற ஆரம்பித்தாள். இந்தத் தடவை சொல்லிவிட்டே போனாள். "அந்தோணியார் கோயிலுக்குப் போறேன்." அங்கேதான் எனக்கு இடித்தது. சொல்லாமல் போனபோது கோயிலுக்குப் போனாள், சரி. இப்போது கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் என்றால் எங்கே போகிறாள்? நீங்கள் சிரிக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள், நியாயம் இருக்கிறது.

ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். குருசடிதான். வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற தட்டியின் பின்னால் நின்றேன். அறுபத்தேழு வயசில் ஒற்றைக் காலில் ஒளிந்து நிற்பது லேசா? தட்டி என்னோடு சேர்ந்து ஆடுகிறது. அவள் மெழுகுவர்த்தி வாங்கத் திரும்பினாள். பார்த்துவிட்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும். ஒன்றும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தி வாங்கி என் கையில் வைத்தாள். "இந்தாங்க, நீங்களே ஏத்துங்க" என்றாள். ரோட்டைக் குறுக்கே கடந்தாள். திருச்செந்தூர் பஸ் நின்றது. ஏறிப் போய்விட்டாள், மாற்றுச் சேலைகூட இல்லாமல்.

ஏற்றினேன். வாங்கிவிட்ட மெழுகுவர்த்தியை என்ன செய்வது?

நான் அவளைக் கூப்பிடப் போகவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு ஒரு விசயம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பையைப் பாருங்கள், மாத்திரை. பிரசருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, இந்தப் பச்சை எதற்கென்று தெரியவில்லை. காலையில் அவள் என் உள்ளங்கையில் வைப்பாள், நான் வாயில் போடுவேன். பதினோரு வருசமாக அப்படித்தான். என்ன நிறம், எத்தனை என்று யார் பார்த்தது? இந்தப் பத்தொன்பது நாளும் குத்துமதிப்பாகப் போடுகிறேன். தலை சுற்றுகிறது. நேற்று படியில் விழப் பார்த்தேன்.

மருந்துக்கடையில் கேட்கலாமா? நன்றாக இருக்கிறது அண்ணாச்சி! முன்னே பின்னே தெரியாதவன், அவன் கொடுக்கிறதை எப்படி நம்பி வாயில் போடுவது?

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

ஆறுமுகநேரியா? சரி, சரி. இந்தக் கண்டக்டர் வருகிறான். வாய் அடங்காதவன்.

"என்ன பெரியவரே, இன்னைக்காவது வீரபாண்டியன்பட்டணத்துல இறங்குவீங்களா? இல்ல, வழக்கம்போலத் திருச்செந்தூர் போயிட்டு அப்படியே திரும்பவா?"

கேட்டீர்களா? மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது, உண்மைதான். இறங்கவில்லை. ஏன் என்றால், அந்த நிறுத்தத்தில் தொபியாஸ் நிற்கிறான். மூன்று தடவையும் நின்றான். பஸ் ஏறவும் இல்லை, யாரும் வந்து இறங்கவும் இல்லை. சும்மா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உளவு பார்க்கிறான். அவன் முகத்துக்கு முன்னால் எப்படி இறங்குவது? இந்தப் படி வேறு உயரம், இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒருத்தன் பிடிக்காமல் இறங்க முடியாது. என்னைப் பிடி என்று அவனிடம் கேட்பதைவிட நான் திருச்செந்தூர் போய்த் திரும்பிவிடுவேன். இன்றும் அப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது.

காயல்பட்டணம் தாண்டியாயிற்று. அதோ வீரபாண்டியன்பட்டணத்துக் கோயில் கோபுரம். நீங்கள் எழுந்து வழிவிட வேண்டாம். நான் சும்மா எட்டித்தான் பார்க்கிறேன்.

நிற்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, படவாவுக்கு. கையில் குடை. அதோ பார்த்துவிட்டான். முன்வாசலுக்கு வருகிறான். வரட்டும், நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

"அண்ணே, விசில் ஊதாதீங்க. அவருக்குக் கால் சரியில்லை, மெதுவாத்தான் இறங்கணும். கொஞ்சம் நிறுத்துங்க."

கேட்டீர்களா, கண்டக்டரிடம் சொல்கிறான். முழு பஸ்ஸையும் நிறுத்திவிட்டான். நிறுத்துவதுதானே அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில்! எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பாருங்கள் அண்ணாச்சி, அவள் வரவில்லை. இன்றைக்கும் இவனைத்தான் அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு மாதிரியேதான். நானாக வந்து நானாக இறங்குவேன் என்று என் மேல் ஒரு துளி நம்பிக்கை இருக்கிறதா அவளுக்கு?

சரி, அந்தப் பையைக் கொடுங்கள். மாத்திரை கொட்டிவிடப் போகிறது. உங்கள் வீட்டுப் பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருக்கட்டும். கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். முதல் படி. சரி.

"அப்படியே நில்லுங்க அத்தான். ரெண்டு நிமிசம். மரத்த கால்ல ரத்தம் ஓடட்டும்."

பார்த்தீர்களா! பாதிப் படியில் நிறுத்திவிட்டான்! முப்பத்தொரு வருசத்தில் திருந்தவே இல்லை! கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறான், பெருவிரலுக்குக் கீழே அந்தத் தழும்போடு.

லேய், என்னத்தப் பாக்கே? உங்க அக்கா சாப்பிட்டாளா? சரி, அதை அப்புறம் சொல்லு. பிடிலே. கெட்டியாப் பிடி. கடிக்க மாட்டேன், இறக்கு.